எதுவரை சொல்லலாம்? முதுநிலை ஆய்வேட்டில் விவாதமும் வரம்புகளும்

முதுநிலை ஆய்வேட்டில் மாணவர் கடைசியாக எழுதுவதும், பெரும்பாலும் அவசரத்தில் எழுதுவதும் விவாத இயல்தான். தரவு திரட்டியாகிவிட்டது, அட்டவணைகள் போட்டாகிவிட்டது, ஒப்படைக்க வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. அந்த நெருக்கடியில் அவர் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டியிருக்கிறது. கிடைத்த முடிவுகளுக்கு என்ன பொருள்? அந்தப் பொருளை எவ்வளவு தூரம் நம்பலாம்? முதலாவதை விவாதம் என்றும் இரண்டாவதை ஆய்வின் வரம்புகள் என்றும் பிரித்து எழுதுவது வழக்கம். பத்துப் பக்கம் உறுதியாகப் பேசிவிட்டு, மாதிரி சிறியது, காலம் போதவில்லை, ஒரே மாவட்டத்தில் செய்யப்பட்டது என்று அரைப் பக்கத்தில் முடித்துக்கொள்ளும் ஆய்வேடுகள் அபூர்வமல்ல. அந்த அரைப் பக்கம் முந்தைய பத்துப் பக்கங்களில் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்காது.

ஆய்வாளர் தன் ஆய்வின் குறைகளை எங்கே, எவ்வளவு, எதற்காகச் சொல்ல வேண்டும் என்பது பழைய கேள்வி. அறிவியல் இதழ்களின் ஆசிரியர்கள், மொழியியலாளர்கள், புள்ளியியல் சார்ந்த முறையியலாளர்கள், கள ஆய்வு செய்யும் சமூகவியலாளர்கள் ஆகியோர் அதற்கு வெவ்வேறு விடைகள் தந்திருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன, முதுநிலை மாணவருக்கு எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

கேள்வியின் முன்வரலாறு

நூலின் வரம்பை நூலாசிரியரே அறிவிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தமிழ் மரபுக்குப் புதிதல்ல. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் எல்லை, நுதலிய பொருள், கேட்போர் ஆகியவற்றையும் நன்னூல் சேர்க்கிறது. நூல் எங்கே வழங்குவது, எதைப் பற்றியது, யாருக்கானது என்பவை வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. காப்பியங்களில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மரபும் உண்டு. அது அவையடக்கம். அங்கே புலவர் தம் சிறுமையைச் சொல்லி அவையின் பொறுமையை வேண்டுவார். ஒன்று நூலின் பரப்பைப் பற்றியது, மற்றொன்று நூல் செய்தவரின் பணிவைப் பற்றியது. நவீன ஆய்வேட்டின் வரம்புப் பகுதி இவற்றில் எந்தப் பணியைச் செய்கிறது என்பதே இன்றைய விவாதத்தின் ஒரு பாதி எனலாம்.

ஐரோப்பாவில் சோதனை அறிவியல் உருவான காலத்திலேயே இந்தப் பிரச்சினை எழுந்தது. 1661-இல் வெளியான கட்டுரைத் தொகுப்பில் ராபர்ட் பாயில், தோல்வியடைந்த சோதனைகளைப் பற்றி இரண்டு கட்டுரைகள் சேர்த்தார். சோதனையாளர் முடிவுகளை ஐயத்துக்கு இடம்விட்டே எழுத வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இந்த அடக்கமான நடை வாசகரின் நம்பிக்கையைப் பெறுவதற்கான உத்தியும்தான் என்று ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 1985-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டனர். குறையைச் சொல்வது நேர்மையா, உத்தியா என்ற ஐயம் அன்றிலிருந்து இந்தக் கேள்வியை விட்டு விலகவில்லை.

விவாதத்துக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கும் வழக்கம் அண்மைக் காலத்தது. அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி வடிவம் முன்னணி மருத்துவ இதழ்களில் 1940-களில் தலைகாட்டி, 1970-களில் பெருவழக்காகி, 1980-களில் ஒரே வடிவமாக நிலைபெற்றது. 1965-இல் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இதை நான்கு எளிய கேள்விகளாகச் சுருக்கினார். ஏன் தொடங்கினீர்கள், என்ன செய்தீர்கள், என்ன விடை கிடைத்தது, அதற்கு என்னதான் பொருள் என்பவை அவை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே பீட்டர் மெடவார் இந்த வடிவத்தையே கேள்விக்குள்ளாக்கியிருந்தார். எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் தரவைத் திரட்டிவிட்டு, கடைசியில்தான் அதன் பொருளை யோசித்ததுபோல் காட்டுவது சிந்தனை நடந்த விதத்தைத் திரித்துச் சொல்கிறது, ஆகவே விவாதம் முதலில் வர வேண்டும் என்பது அவர் வாதம். அதை இதழ்கள் ஏற்கவில்லை. பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டு விதிகள் இதழ்களின் வடிவத்தையே பெரிதும் பின்பற்றின.

முதல் நிலைப்பாடு: வடிவம் இருந்தால் நேர்மை வரும்

இதழாசிரியர்கள் தந்த விடை நிர்வாகத் தன்மை கொண்டது. விவாதப் பகுதி கட்டுப்பாடின்றி இருப்பதால்தான் ஆசிரியர்கள் முடிவுகளைப் பெரிதுபடுத்துகிறார்கள், ஆகவே அதற்கும் உட்தலைப்புகள் வேண்டும் என்று மைக்கேல் டோகெர்ட்டியும் ரிச்சர்டு ஸ்மித்தும் 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். முதன்மையான கண்டறிதல், ஆய்வின் வலிமைகளும் பலவீனங்களும், பிற ஆய்வுகளோடு ஒப்பிடும்போது அவை எப்படி, முடிவின் பொருள், விடை கிடைக்காத கேள்விகள் என்ற ஐந்து படிகளை அவர்கள் முன்வைத்தனர். இன்று ஆய்வேட்டு வழிகாட்டிகள் பலவற்றில் இந்த வரிசையின் சாயலைக் காணலாம்.

இந்த வேண்டுகோளுக்குக் காரணம் இருந்தது. முன்னணி இதழ்களின் 400 கட்டுரைகளை ஆராய்ந்த ஜான் அயோனிடிஸ், தம் ஆய்வின் வரம்பைக் குறிக்கும் ஒரு சொல்லையேனும் பயன்படுத்தியவை 17 விழுக்காடு மட்டுமே என்று 2007-இல் அறிவித்தார். 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு 300 மருத்துவக் கட்டுரைகளைப் பார்த்து, 73 விழுக்காட்டில் வரம்புகள் ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதாகக் கண்டது. தேர்ந்த இதழ்களும் தேடிய முறையும் வேறு என்பதால் இரண்டு எண்களையும் அருகருகே வைத்து முன்னேற்றம் என்று சொல்லிவிட முடியாது.

வடிவத்தை நம்பும் இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் இங்கேதான் தெரிகிறது. வரம்பு என்ற தலைப்பு இருக்கிறதா என்று எண்ணலாம். அதன் கீழே இருப்பது பயனுள்ளதா என்று எண்ண முடியாது. 2002-இல் லான்செட் ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன், தம் இதழில் வந்த 10 கட்டுரைகளின் ஆசிரியர் குழுவினரைத் தனித்தனியே கேட்டறிந்தார். தனியே கேட்டபோது அவர்கள் சொன்ன பலவீனங்கள் பல, அச்சான கட்டுரையில் இடம்பெறவில்லை. ஒரே கட்டுரையின் ஆசிரியர்களுக்குள்ளேயே எது முக்கியமான குறை என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. தலைப்பைக் கட்டாயமாக்கினால் மட்டும் இந்த மறைப்பு நீங்கிவிடும் என்று நம்பக் காரணம் குறைவு.

இரண்டாம் நிலைப்பாடு: அது ஓர் எழுத்து வகை

மொழியியலாளர்கள் வேறொரு கேள்வியோடு வந்தனர். நல்ல விவாதம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்காமல், எழுதப்பட்ட விவாதங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டனர். ஜான் ஸ்வேல்ஸ் ஆய்வுக் கட்டுரையின் பகுதிகளை நகர்வுகளாகப் பிரித்துப் பார்த்தார். அந்த வழியில் 1988-இல் ஹாப்கின்ஸும் டட்லி எவன்ஸும் இதழ்க் கட்டுரைகளோடு முதுநிலை ஆய்வேடுகளின் விவாதப் பகுதிகளையும் ஆராய்ந்தனர். பின்னணி, கண்டறிதல், எதிர்பார்த்ததா எதிர்பாராததா, முந்தைய ஆய்வோடு ஒப்பீடு, விளக்கம், பொதுமைப்படுத்தல், பரிந்துரை என்பன போன்ற நகர்வுகள் ஒரு முறை மட்டும் வருவதில்லை, சுழற்சியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது அவர்கள் தந்த முக்கியமான தெளிவு. ஒவ்வொரு கண்டறிதலுக்கும் ஒரு சிறு சுழற்சி உண்டு.

மாணவருக்கு இது நடைமுறைப் பயன் தரும் செய்தி. எல்லா முடிவுகளையும் முதலில் சொல்லி, எல்லா ஒப்பீடுகளையும் அடுத்துச் சொல்லி, எல்லா வரம்புகளையும் கடைசியில் கொட்டுவதைவிட, ஒவ்வொரு முடிவையும் அதன் விளக்கத்தோடும் ஐயத்தோடும் சேர்த்தே கையாளலாம் என்று அது காட்டுகிறது. கென் ஹைலண்டின் ஆய்வுகள் இன்னொரு பக்கத்தை விளக்கின. இருக்கலாம், எனத் தோன்றுகிறது, ஓரளவுக்கு என்பன போன்ற தளர்சொற்கள் வெறும் பணிவல்ல. கூற்றின் வலிமையைச் சான்றின் வலிமையோடு பொருத்தும் கருவிகள் அவை.

ஆனால் எழுதப்படுவதை விவரிப்பது எழுத வேண்டியதைத் தீர்மானிக்காது. வழக்கத்தை இலக்கணமாக்கினால் வழக்கத்தின் குறைகளும் இலக்கணமாகிவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘இருக்கலாம்’ என்று எழுதப் பழகும் மாணவர், எந்த முடிவில் உறுதி அதிகம், எதில் குறைவு என்பதை வாசகரிடமிருந்து மறைத்துவிடக்கூடும். நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலையும் குன்றக் கூறலையும் நன்னூல் அருகருகே வைப்பது இங்கே நினைக்கத்தக்கது. எல்லாவற்றையும் தளர்த்திச் சொல்வது குன்றக் கூறலின் நவீன வடிவம்.

மூன்றாம் நிலைப்பாடு: வரம்பு என்பது மாற்று விளக்கம்

புள்ளியியல் சார்ந்த முறையியல் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. 1957-இல் டொனால்டு கேம்பெல் அக ஏற்புடைமை, புற ஏற்புடைமை என்ற வேறுபாட்டை முன்வைத்தார். 1979-இல் குக்கோடு சேர்ந்து எழுதிய நூலில் அது நான்காக விரிந்தது. புள்ளியியல் முடிவு சரியா, காரணத் தொடர்பு உண்மையா, அளவிட்டது அளவிட நினைத்ததைத்தானா, வேறு இடத்துக்கும் மக்களுக்கும் பொருந்துமா என்பன அந்த நான்கு. இந்தப் பார்வையில் வரம்பு என்பது ஆய்வாளரின் இயலாமை அல்ல. தன் முடிவுக்குப் போட்டியாக நிற்கக்கூடிய இன்னொரு விளக்கம். நோக்கீட்டு ஆய்வுகளுக்காக 2007-இல் வெளியான ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களில் பத்தொன்பதாவது இதையே கேட்கிறது. சாய்வு இருக்கலாம் என்று சொன்னால் போதாது, அது எந்தத் திசையில், எந்த அளவில் முடிவை நகர்த்தியிருக்கும் என்றும் விவாதிக்கச் சொல்கிறது.

திசை என்பதன் பயனைக் கற்பனையான ஓர் ஆய்வேட்டைக் கொண்டு பார்க்கலாம். செவிலியர் முதுநிலை மாணவி ஒருவர், ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் நீரிழிவு நோயாளிகள் 100 பேரிடம் வினாநிரல் கொடுத்து, மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறார். 70 பேர் ஆம் என்கிறார்கள். வரம்புகள் என்ற தலைப்பின் கீழ் அவர் எழுதக்கூடிய முதல் வரி, மாதிரி சிறியது என்பதுதான். அது பொய்யல்ல. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்திருந்தால், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 61 முதல் 79 வரை இருக்கும். 400 பேரைக் கேட்டிருந்தால் அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கும்.

ஆனால் இந்த ஆய்வின் பெரிய குறை மாதிரியின் அளவில் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டவர்களில் பலர் மருத்துவமனைக்கே வந்திருக்க மாட்டார்கள். வந்தவர்களிலும் சிலர் செவிலியரின் முகத்துக்காக ஆம் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு சாய்வுகளும் ஒரே திசையில், மேல்நோக்கி இழுக்கின்றன. ஆகவே அந்த வட்டாரத்து நோயாளிகள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் உண்மை விகிதம் 70-ஐவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மாணவி எழுதலாம். 400 பேரைக் கேட்டிருந்தாலும் இந்தச் சாய்வு குறைந்திருக்காது. அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 1936-இல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகளைத் திரட்டியும் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று தவறாகக் கணித்தது இந்தப் பாடத்துக்கான பழைய சான்று.

அதே ஆய்வேட்டில் படித்தவர்கள் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று இன்னொரு முடிவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே திசையைச் சொல்வது கடினம். படித்தவர்கள் உண்மையிலேயே ஒழுங்காக இருக்கலாம். எது சரியான விடை என்று தெரிந்து சொல்லவும் செய்யலாம். வருமானம் இரண்டுக்கும் பின்னால் இருக்கலாம். ஒரே குறை ஒரு முடிவைத் தெளிவான திசையில் நகர்த்துகிறது, இன்னொன்றைக் குழப்பத்தில் விடுகிறது. வரம்புகளை ஒட்டுமொத்த ஆய்வுக்கு ஒரே பட்டியலாகத் தராமல் ஒவ்வொரு கூற்றோடும் இணைக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே வலுவான காரணம்.

இந்த நிலைப்பாட்டுக்கும் குறை உண்டு. சாய்வின் திசையை ஓரளவு ஊகிக்கலாம். அதன் அளவைச் சொல்லத் தனித் தரவு வேண்டும், அது முதுநிலை மாணவரிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. மேலும், பொருத்தமான மாற்று விளக்கத்தை யோசிக்கக் களத்தைப் பற்றிய அறிவு தேவை. பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு அது கிடைக்காது.

நான்காம் நிலைப்பாடு: நிற்கும் இடமே தரவு

விளக்கமுறை ஆய்வாளர்கள் வரம்பு என்ற கருத்தையே ஐயத்தோடு பார்த்தனர். பத்துப் பேரிடம் ஆழமாகப் பேசிய ஆய்வு ‘பொதுமைப்படுத்த முடியாது’ என்று மன்னிப்புக் கேட்பது, தான் ஏற்காத ஓர் அளவுகோலுக்குத் தலைவணங்குவதாகும் என்பது அவர்கள் வாதம். லிங்கனும் கூபாவும் 1985-இல் நம்பகத்தன்மை, இடமாற்றத் தகுதி, சார்ந்திருக்கும் தன்மை, உறுதிசெய்யும் தன்மை என்ற மாற்று அளவுகோல்களைத் தந்தனர். முடிவு இன்னொரு களத்துக்குப் பொருந்துமா என்பதை வாசகர் தீர்மானிப்பார். அதற்குப் போதுமான விவரணையைத் தருவதே ஆய்வாளரின் கடமை. எல்லா அறிவும் ஓர் இடத்திலிருந்து பார்த்ததே என்று டோனா ஹாரவே 1988-இல் எழுதியது இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தது.

தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றை ஸ்ரீபுரம் என்ற புனைபெயரில் ஆராய்ந்த ஆந்திரே பெத்தேயின் நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1965-இல் வெளிவந்த அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் தாம் அக்கிரகாரத்தில் தங்கியதைச் சொல்கிறார். அதனால் ஊரார் அவரைப் பிராமணர்களோடு சேர்த்தே பார்த்தனர். ஆதிதிராவிடர் குடியிருப்பில் இயல்பாகப் பழக முடியவில்லை. ஆகவே பிராமணரல்லாதாரைப் பற்றியும், குறிப்பாக ஆதிதிராவிடரைப் பற்றியும் தாம் திரட்டிய தரவு, பிராமணரைப் பற்றிய தரவின் தரத்துக்கு இல்லை என்கிறார். எந்தத் தெருவைப் பற்றிய கூற்றை எவ்வளவு நம்பலாம் என்று இங்கே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அதோடு, ஆய்வாளர் ஏன் அந்தத் தெருவுக்குள் எளிதில் போக முடியவில்லை என்பதே நூலின் பொருளான சாதி அமைப்பைப் பற்றிய சான்றாகவும் நிற்கிறது. எம். என். சீனிவாஸின் நிலைமை வேறு. 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் நேர்ந்த தீயில் தொகுத்து வைத்திருந்த களக் குறிப்புகள் எரிந்தபின், மைசூர்ப் பகுதியின் ஓர் ஊரைப் பற்றி நினைவிலிருந்து எழுதி 1976-இல் வெளியிட்டார். நினைவிலிருந்து எழுதியது என்ற குறை நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. முழு நூலையும் வாசகர் அதன் வழியாகவே படிக்கிறார்.

இந்த நிலைப்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. தன் சாதி, பாலினம், வர்க்கம் ஆகியவற்றை ஒரு பத்தியில் அறிவித்துவிட்டு அதன்பின் அவற்றைத் தொடாமலே முடிவுகளை எழுதும் பழக்கம் பரவக்கூடும். அது புள்ளியியல் ஆய்வேட்டின் ‘மாதிரி சிறியது’ என்ற வரிக்கு ஒப்பானதே. பெயர்தான் மாறுகிறது, அவையடக்கம் மாறவில்லை.

மாணவர் இருக்கும் இடம்

இந்த நான்கு நிலைப்பாடுகளில் இரண்டாவதைத் தவிர மற்றவை பெரும்பாலும் தேர்ந்த ஆய்வாளர்களை மனத்தில் வைத்து உருவானவை. முதுநிலை மாணவரின் வாசகர் வேறு. நெறியாளரும் புறத்தேர்வாளரும்தான் அவருடைய முதல் வாசகர்கள், சில வேளை கடைசி வாசகர்களும். குறையை வெளிப்படையாக எழுதினால் வாய்மொழித் தேர்வில் அதையே பிடித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் இயல்பானது. அந்த அச்சம் ஆபத்தில்லாத குறைகளை மட்டும் தேர்ந்தெடுக்கத் தூண்டும். எல்லா ஆய்வேட்டுக்கும் பொருந்தும் குறை எந்த ஆய்வேட்டையும் காயப்படுத்தாது. இதற்கு எதிர்வாதமும் உண்டு: தேர்வாளர் கேட்கப்போகும் கேள்வியை மாணவரே எழுப்பி விடை தந்திருந்தால் அது முறையியல் தெளிவுக்குச் சான்றாகும். எந்த வாதம் நடைமுறையில் வெல்கிறது என்பது துறைக்குத் துறை, தேர்வாளருக்குத் தேர்வாளர் வேறுபடும்.

இடம் பற்றிய குழப்பமும் இங்கே சேர்கிறது. நம் கல்வியியல் ஆய்வேடுகளில் முதல் இயலிலேயே ஆய்வின் எல்லைகள் என்ற பகுதி வருவது வழக்கம். எந்த மாவட்டம், எந்த வகுப்பு, எத்தனை பள்ளிகள் என்று ஆய்வாளர் தானே வகுத்துக்கொண்ட வேலிகள் அவை. ஆய்வின் போக்கில் தெரியவந்த குறைகள் வேறு: விடையளிக்காமல் விட்டவர்கள், சரியாகப் புரியாத வினா, நடுவில் மாறிய சூழ்நிலை. முதலாவது முடிவெடுத்தது, இரண்டாவது நேர்ந்தது. இரண்டையும் கலந்தால், மதுரையில் மட்டும் செய்தேன் என்பதும் பாதிப் பேர் விடை தரவில்லை என்பதும் ஒரே எடை பெற்றுவிடும். யாருக்கு இந்த முடிவு பொருந்தும் என்று ஆய்வாளர் எதிர்பார்க்கிறார் என்பதை ஒவ்வொரு கட்டுரையும் தனியே அறிவிக்க வேண்டும் என்று சைமன்ஸ், ஷோடா, லிண்ட்சே ஆகிய உளவியலாளர்கள் 2017-இல் முன்வைத்த யோசனை இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிகளோடு எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் முழு ஆய்வேடு எழுதும் பயிற்சி பலருக்கு இனி முதுநிலையில் மட்டுமே கிடைக்கும். ஆகவே இந்தக் கடைசி இயலை எழுதக் கற்பிப்பதன் எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது.

எது தெளிவு, எது திறந்திருக்கிறது

வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்பட்டாலும் இந்த நிலைப்பாடுகள் சந்திக்கும் புள்ளி ஒன்று உண்டு. வரம்பு என்பது குறிப்பிட்ட ஒரு கூற்றோடு இணைந்திருந்தால்தான் பயன்படும். எந்த முடிவை அது தொடுகிறது, எப்படித் தொடுகிறது, அதற்குப் பிறகும் என்ன எஞ்சுகிறது என்ற மூன்றுக்கும் விடை இல்லாத வரம்பை நீக்கிவிட்டாலும் ஆய்வேடு எதையும் இழக்காது. இந்த அளவுகோலை ஏற்றால் தனித் தலைப்பு வேண்டுமா, விவாதத்துக்குள் கலந்து வர வேண்டுமா என்பது இரண்டாம் நிலைக் கேள்வியாகிறது. துறையின் வழக்கமும் பல்கலைக்கழக விதியும் அதைத் தீர்மானிக்கட்டும்.

தீராதவை மூன்று. வடிவத்தைக் கட்டாயமாக்குவது எழுத்தின் தரத்தை உயர்த்துகிறதா, சடங்கைப் பெருக்குகிறதா என்பதற்கு இதுவரை வந்த கணக்கெடுப்புகள் முழு விடை தரவில்லை. அவை பெரும்பாலும் சொற்களையே எண்ணின. அளவுமுறைக்கும் விளக்கமுறைக்கும் பொதுவான ஒரு வரம்பு மொழி சாத்தியமா என்பதிலும் உடன்பாடு இல்லை. இரண்டையும் கலந்து செய்யும் மாணவர் இரண்டு அளவுகோல்களுக்கும் நடுவில் நிற்கிறார். மூன்றாவது, மதிப்பெண் பற்றியது. வெளிப்படையாகக் குறை சொன்னவருக்குத் தேர்வில் பலன் கிடைக்கிறதா, இழப்பு நேர்கிறதா என்பது மதிப்பீட்டு விதிகளில் தெளிவாக எழுதப்படாதவரை, மாணவர்கள் பாதுகாப்பான வரம்புகளையே தேர்ந்தெடுப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே நியாயம். முதல் இரண்டும் ஆய்வுலகம் தீர்க்க வேண்டியவை. மூன்றாவதை ஒரு துறையின் பாடத்திட்டக் குழு கூடித் தன் மதிப்பெண் பங்கீட்டில் ஒரு வரி சேர்ப்பதன் மூலம் ஓரளவு மாற்றிப் பார்க்க முடியும்.